ஆற்றங்கரை நூலகங்களில் மாதம் ஒரு மாலை

தாமிரபரணிக் கரை மாவட்டங்களின் நூலக ஆணைக்குழுக்களுக்கும், கிளை நூலகங்களின் வாசகர் வட்டத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை ஆற்றை ஒட்டிய ஊர்களில் உங்கள் பொறுப்பில் இருக்கும் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் மாதம் ஒரு மாலை, அந்த ஊரையும் அதைச் சுற்றிய நிலத்தையும் பற்றி ஒரு சொற்பொழிவு நடத்துங்கள். மண், நீர், மரம், பறவை ஆகியவற்றை அறிவியல் என்று ஒரு பக்கம் ஒதுக்கி, கோயில், கல்வெட்டு, தொழில், கதை ஆகியவற்றை வரலாறு என்று இன்னொரு பக்கம் ஒதுக்காமல், இரண்டையும் சேர்த்துப் பேச வையுங்கள். யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம் என்று கதவைத் திறந்து வையுங்கள்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். உங்கள் நூலகங்களில் ஒன்றின் நெடுநாள் உறுப்பினர். இந்த மடலைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இந்தக் கோரிக்கை நிறைவேற அதிகாரிகளின் கையெழுத்து மட்டும் போதாது. கேட்க வரும் ஊராரும், பேச முன்வரும் பெரியவர்களும் இதைத் தங்கள் காரியமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆற்றைப் போல இன்னொன்று தமிழ்நாட்டில் இல்லை என்று நான் நம்புகிறேன். பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாவதற்கு முன்பு, பிறப்பு முதல் கடல் சேர்வது வரை முழு ஆறும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தது. காலையில் காரையாற்றுக் காட்டில் காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டு பஸ் ஏறினால், பொழுது சாய்வதற்குள் புன்னைக்காயல் கடற்கரையில் நிற்கலாம். இடையில் நெல்வயல், வாழைத்தோட்டம், குளங்கள், செம்மண் தேரி, உப்பளம் எல்லாம் வந்துபோகும். இத்தனை வகை நிலத்தை இவ்வளவு குறுகிய தூரத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாம் எதுவும் சொல்லாமல் இருக்கிறோம். என் வகுப்பில் மொகஞ்சதாரோவின் பெருங்குளியல் குளத்தைப் படம் வரைந்து பாகம் குறிக்கத் தெரிந்த மாணவர்கள் இருக்கிறார்கள். தங்கள் வயலுக்குத் தண்ணீர் எந்த அணைக்கட்டிலிருந்து எந்தக் கால்வாய் வழியாக வருகிறது என்று கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. பாடநூல் மாநிலம் முழுமைக்குமானது. அதில் ஓர் ஊரின் மடைக்கு இடம் இருக்காது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது ஊர்தான். ஊருக்குப் பொதுவாக இருக்கும் கூடம் நூலகம்தான்.

தாமிரபரணியின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளின் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. மற்றவை அதற்கு முந்தியவை. இவற்றில் கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. கன்னட நாட்டிலிருந்து வந்த பிராமணர் ஒருவர் தமக்குக் கிடைத்த பெருஞ்செல்வத்தை நற்காரியத்துக்குச் செலவிட வழி கேட்டு அகத்தியரைத் தேடி வருகிறார். ஒரு பசுவின் பின்னால் போ, அது நடக்கும் வழியெல்லாம் கால்வாய் வெட்டு, அது படுத்த இடத்தில் குளம் தோண்டு, அது நீர்விட்ட இடத்தில் மடை வை என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கத்தில் வயதானவர்களிடம் கேட்டால் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

இந்தக் கதையை ஒரு நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் மட்டும் பேசினால் அது அழகான கதையாக நின்றுவிடும். ஒரு நீர்ப்பாசனப் பொறியாளர் மட்டும் பேசினால் கதையைத் தள்ளிவிட்டுக் கனஅடிக் கணக்கைச் சொல்வார். இருவரையும் ஒரே மாலையில் உட்கார வைத்தால்தான் சுவையான கேள்வி பிறக்கும். மேயப் போகும் பசு வீணாக மேடேறாது. சரிவை ஒட்டிச் சுற்றித்தான் நடக்கும். ஆற்றிலிருந்து பிரிந்த தண்ணீரை மேட்டு வயலுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கால்வாயும் அப்படியேதான் நிலத்தின் மட்டத்தை ஒட்டி, மெல்ல மெல்ல இறங்கிப் போக வேண்டும். மட்டம் பார்க்கும் கருவி இல்லாத காலத்தின் நில அளவை அறிவு இந்தக் கதைக்குள் பொதிந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். அதைக் கேட்டு விவாதிக்க, பழைய கால்வாய் வரைபடத்தைச் சுவரில் விரித்துப் பார்க்க, அந்தக் கால்வாயில் தண்ணீர் பாய்ச்சிய கிழவர் ஒருவர் எழுந்து 'அப்படி இல்லை ஐயா' என்று சொல்ல, ஓர் இடம் வேண்டும்.

கொற்கை இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. பாண்டியரின் முத்துத் துறைமுகம், கிரேக்கர்கள் கொல்கி என்று எழுதிவைத்த ஊர், இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. கடல் எங்கே போனது? ஆறு கொண்டுவந்த வண்டல் கழிமுகத்தை மேடாக்கிக் கடலைத் தள்ளிக்கொண்டே போனது. கொற்கை தூர்ந்தபின் வணிகம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்தது அந்தக் காயலைத்தான். பிறகு அதுவும் மேடாகிப் பழையகாயல் ஆயிற்று. கப்பல்கள் புன்னைக்காயலுக்குப் போயின. கடைசியில் தூத்துக்குடிக்குப் போயின. கால்டுவெல் 1870களில் கொற்கையிலும் காயலிலும் குழி தோண்டிப் பார்த்தபோதே இந்த நகர்வைக் கவனித்து எழுதியிருக்கிறார். துறைமுகங்களின் இந்த வரிசையை வண்டலைப் பற்றிப் பேசாமல் விளக்க முடியாது. வண்டலைப் பற்றிப் பேசினால் மேலே காட்டில் மண் அரிப்பதைப் பற்றியும், அணை கட்டியபின் வண்டல் எங்கே தங்குகிறது என்பதைப் பற்றியும், இன்றைய மணல் கொள்ளையைப் பற்றியும் பேச வேண்டிவரும். ஏரலிலோ ஆத்தூரிலோ உள்ள நூலகத்தில் நிலவியல் அறிந்த ஒருவரும் தொல்லியல் அறிந்த ஒருவரும் சேர்ந்து இதை ஒன்றரை மணி நேரம் பேசினால், கேட்டவர்கள் மறுநாள் தங்கள் வயல் மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

ஆதிச்சநல்லூரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் அங்குள்ள பறம்பை, இறந்தோரைத் தாழிகளில் வைத்து அடக்கம் செய்த மேட்டைத் தோண்டினார்; எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகளோடு கிடைத்த தங்க நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஏறத்தாழ நூறு ஆண்டு இடைவெளிக்குப் பின் 2004இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியது. பக்கத்துச் சிவகளையில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது ஒரு தாழிக்குள் இருந்த நெல் உமியை அமெரிக்காவின் மயாமியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதன் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சிவகளை இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குப் போகிறது என்ற அறிவிப்பு வந்தது. ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்க 2023இல் வழி செய்தார்கள். திருநெல்வேலி ரெட்டியார்பட்டி மலையில், தாமிரபரணியின் பழைய பெயரான பொருநை என்ற பெயரில் அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது.

இவை எல்லாம் மனம் நிறைக்கும் செய்திகள். அரசு செய்ததை மதிக்கிறேன். ஆனால் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று கீழே பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் பேசியிருக்கிறேன். 'பெரிய பானை இருக்கிறது, எலும்பு இருக்கிறது' என்பதற்கு மேல் பலரால் சொல்ல முடியவில்லை. ஓர் உமியின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உயிரோடு இருக்கும்வரை செடி காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்கிறது; அறுத்தபின் எடுப்பதில்லை. உள்ளே இருக்கும் கதிரியக்கக் கரி ஏறத்தாழ 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் அறுவடை ஆன காலம் தெரியும். இதை ஒரு விவசாயிக்குத் தமிழில் விளக்க அரை மணி நேரம் போதும். விளக்கிவிட்டால் அவர் அடுத்த கேள்வியைத் தாமே கேட்பார்: ஆற்று நெல்லா, குளத்து நெல்லா, அப்போது அணைக்கட்டு ஏது? அந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்த மடலை எழுதுகிறேன்.

நம் மண்ணில் இது புதிய பழக்கமும் இல்லை. வண்ணார்பேட்டையில் டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டு வட்டத்தொட்டியில் கூடிக் கவிதை பேசினார்கள். நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். அந்தக் குழு பல்கலைக்கழகத்தின் பகுதி அல்ல. படித்தவர்களும் படித்துக்கொண்டிருந்தவர்களும் ஆர்வம் உள்ளவர்களும் கூடினார்கள், கட்டுரை படித்தார்கள், கடுமையாக விவாதித்தார்கள். அதிலிருந்து வந்தவர்கள் தமிழ்நாட்டின் நாட்டார் வழக்காற்று ஆய்வையே மாற்றினார்கள். பெரிய நிதியோ பெரிய கட்டடமோ இல்லாமல், ஒரு மனிதரின் பிடிவாதத்தால் அது நடந்தது. இன்று கட்டடம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. 2022 நவம்பரில் பாளையங்கோட்டையில் நடந்த பொருநை இலக்கியத் திருவிழாவுக்கு எத்தனை கூட்டம் வந்தது என்று நீங்களே பார்த்தீர்கள். கேட்கும் ஆவல் மக்களிடம் இருக்கிறது. திருவிழா இரண்டு நாளில் முடிந்துவிடும்; முக்கூடலிலிருந்தும் களக்காட்டிலிருந்தும் எல்லோரும் அதற்கு வந்துவிட முடியாது. திருவிழாவின் மிச்சம் ஊர் நூலகத்தில் மாதந்தோறும் தொடர வேண்டும்.

யார் பேசுவது? பேராசிரியர்கள், தொல்லியல் அலுவலர்கள், வனத்துறையினர், பறவை ஆய்வாளர்கள் எல்லோரையும் அழையுங்கள். அவர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். சின்ன மயிலாற்றிலும் இஞ்சிக்குழியிலும் வாழும் காணிப் பழங்குடி மக்களில் காட்டின் ஒவ்வொரு மரத்தின் காய்ப்புக் காலமும் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். 1988இல் களக்காடு, முண்டந்துறை சரணாலயங்கள் இணைந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனபோது தங்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்று அவர்கள்தான் சொல்ல முடியும். குளத்து மடையைத் திறந்து மூடும் நீர்ப்பாய்ச்சி, உபரிநீர் வழியும் கலுங்கில் எந்த மட்டத்தில் தண்ணீர் ஓடினால் கரைக்கு ஆபத்து என்று சொல்வார். பத்தமடையில் கோரையை ஆற்றில் ஊறவைத்து, கீறி, சாயமேற்றி நெய்யும் அம்மா, ஆற்றுத் தண்ணீரின் தரம் மாறியதைப் பாயின் நிறத்திலிருந்து சொல்வார். உடன்குடிப் பக்கத்துப் பனையேறியைத் தேரி மண்ணைப் பற்றிப் பேச வையுங்கள். அதே மேடையில், அந்தச் செம்மணல் மேடுகளில் கிடைக்கும் சிறு கற்கருவிகளைப் பற்றி 1956இல் தொல்லியலாளர்கள் ஸாய்னரும் ஆல்ச்சினும் எழுதியதை ஒரு மாணவர் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். சங்கு குளித்தவர்கள் தூத்துக்குடியில் இன்னும் இருக்கிறார்கள். 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்காத ஒரு கடலில் அவர்கள் பார்வையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். இவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

வில்லுப்பாட்டுக் கலைஞர்களை மறந்துவிடாதீர்கள். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூடுகிறோம். அங்கே நிற்கும் முத்துப்பட்டன் யார்? அரியநாயகிபுரத்துப் பிராமண இளைஞன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்காளையும் திம்மக்காளையும் மணந்து, பூணூலை அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, மாமனாரின் மாட்டு மந்தையைக் காத்து மாண்டவன். காட்டின் விளிம்பில் மந்தை மேய்த்தவர்களின் வாழ்க்கையும், சாதியை மீறியவனைத் தெய்வமாக்கிக் கும்பிடும் மனமும் அந்தக் கதையில் இருக்கின்றன. இதை அரைமணி நேரம் வில்லில் பாடிவிட்டு, பிறகு ஒருவர் விளக்கிப் பேசினால், ஒரு கூட்டத்தை மேடைப்பேச்சை விட எளிதாக உட்கார வைக்கலாம். அந்தப் புலிக் காட்டுக்குள் திருவிழா முடிந்தபின் குவியும் துணியையும் நெகிழியையும் பற்றியும் அதே கூட்டத்தில் பேசலாம். அந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களிடம் அவர்கள் மொழியில் சொன்னால் கேட்பார்கள்.

மக்கள் கேட்பார்கள் என்பதற்கு நம் கண்முன்னே சான்று இருக்கிறது. கடனாநதி தாமிரபரணியோடு சேரும் திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள பெருமரங்களில் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றை விரட்டவில்லை, வேட்டையாட விடவில்லை. 2005இல் அந்தச் சிறு இடம் இந்தியாவின் முதல் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே முதல்! இந்தச் செய்தி அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் நிற்கும் எத்தனை பேருக்குத் தெரியும்? அதே கோயில் கோபுரத்தின் உள்தளங்களில் நாயக்கர் காலத்து ஓவியங்களும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன. வெளியே மரத்தில் பறவை, உள்ளே சுவரில் போர்க்காட்சி. இரண்டையும் ஒரே நாளில், ஒரே கூட்டத்துக்குச் சொல்லிக் காட்ட இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு எது? கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரத்தில் நாரை கூடு வைப்பதை மக்கள் நல்ல சகுனமாக நினைக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 1994இல் சரணாலயம் ஆவதற்கு முன்பே ஊர் அந்தப் பறவைகளைக் காத்து வந்தது. இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்னொரு ஊர் நூலகத்தில் வந்து பேசினால், அந்த ஊர்க் குளத்துக்கும் பறவை வரும் வாய்ப்பு பிறக்கும்.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊர் வரலாறு பேசக் கூடினால் நம் மாவட்டங்களில் அது எளிதில் சாதிப் பெருமை பேசும் கூட்டமாகத் திரும்பிவிடும். தாழியில் கிடந்த எலும்புக்கு இன்றைய சாதிப் பெயரைச் சூட்டுவார்கள். அணைக்கட்டைத் தங்கள் மூதாதை கட்டினார் என்று இரண்டு தரப்பு சண்டைக்கு நிற்கும். இந்தப் பயத்தால் கூட்டமே வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்துவிடக் கூடாது. மாறாக, சான்று எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்லப் பொதுமக்கள் முன்னால் பழகுவதற்கு இதுவே வாய்ப்பு. கி.மு. 1155 என்பது ஓர் உமியின் காலம். அந்தத் தாழியில் அடக்கப்பட்டவர் என்ன மொழி பேசினார், யாருடைய பாட்டன் என்பதை உமி சொல்லாது. பேசுகிறவர் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒருங்கிணைப்பாளர் பெருமைப் பேச்சை மரியாதையாக நிறுத்த வேண்டும். அதேபோல நமக்கு வலிப்பதையும் ஒதுக்கக் கூடாது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்கு ஓடி இதே ஆற்றில் 17 பேர் உயிரிழந்தார்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் குத்தகைக்கு எடுக்கப்பட்ட காட்டில் தேயிலை வளர்த்தவர்களின் வாழ்வு, மலையின் இயற்கை வரலாற்றிலும் ஊரின் சமூக வரலாற்றிலும் சேர்ந்தது. கொற்கையின் முத்தைப் பேசுகிற மேடையில் இதையும் பேச இடம் இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளம் இன்னும் நம் சுவர்களில் கறையாக இருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நின்ற ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் நாள் கடந்து சிக்கிக்கிடந்தார்கள். அந்த நாள்களில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் முதலில் வரும், பழைய மறுகால் ஓடை எங்கே இருந்தது, அதன் மேல் இப்போது யார் வீடு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் ஊருக்கு ஒன்றிரண்டு பேர்தான் இருந்தார்கள். 1992 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டு மாடியேறிய குடும்பங்கள் உண்டு. அந்த அறிவு ஊர் முழுவதற்கும் பரவ வேண்டும் என்றால் வெள்ளம் வராத மாதத்தில், அமைதியாக உட்கார்ந்து, வரைபடத்தோடு பேச வேண்டும். சொற்பொழிவு என்றதும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிற அதிகாரிகள் யாராவது இருந்தால், இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டாம் முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எப்படி நடத்துவது என்பதில் எனக்குச் சில உறுதியான எண்ணங்கள் உண்டு. பொன்னாடை வேண்டாம். நான் போன கூட்டங்களில் வரவேற்பும் வாழ்த்துரையும் முடிவதற்குள் பின்வரிசை காலியாகிவிடும். பேச வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாதியில் முடிப்பார். ஒருவர் அறிமுகம், உடனே பேச்சு, பேச்சுக்கு ஈடான நேரம் கேள்விக்கு. அவ்வளவுதான். கூட்டம் நடத்தும் நாளை ஊருக்கு ஊர் அவரவர் தொழிலைப் பார்த்து வையுங்கள். கடற்கரையில் ஞாயிறு மாலை; வயல் ஊர்களில் நடவும் அறுப்பும் இல்லாத வாரம். முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்கள் தங்கள் சுளகை மடியில் வைத்தபடியே வந்து கேட்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் கையும் ஓடும், காதும் கேட்கும். பெண்கள் வந்து திரும்ப ஏற்ற நேரமாக, இருட்டுவதற்குள் முடியுங்கள். பேச வரும் காணிப் பெரியவருக்கும் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் ஒரே மதிப்பூதியம் கொடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முடிந்த இடங்களில் மறுநாள் காலை அந்த இடத்துக்கே நடந்துபோய்ப் பார்க்கட்டும். குளத்தைப் பற்றிப் பேசினால் குளக்கரையில், தேரியைப் பற்றிப் பேசினால் தேரியில். பேசியதைப் பதிவு செய்து, எழுதி, அந்த நூலகத்திலேயே ஒரு கோப்பில் வையுங்கள். சில ஆண்டுகளில் ஒவ்வொரு நூலகத்திலும், வேறு எங்கும் வாங்க முடியாத ஒரு நூல் தானாக உருவாகியிருக்கும்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்த காலம் முதல் நாங்கள் நூலக வரி கட்டிவருகிறோம். இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் உள்ளாட்சி அமைப்புகள் அதை வசூலிக்கின்றன. ஒரு பேச்சாளரின் பஸ் கட்டணம், மதிப்பூதியம், கேட்க வந்தவர்களுக்குச் சுக்குக் காப்பி. ஒரு கிளை நூலகத்தின் ஆண்டுச் செலவில் இது மிகச் சிறிய பங்கு. வாசகர் வட்டங்களும் ஊர்ப் பெரியவர்களும் பாதியை ஏற்றுக்கொள்ள முன்வருவார்கள். ஊராட்சிகளில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிப் பூட்டிக்கிடக்கும் நூலகங்களுக்கும் இந்த ஒரு மாலைக்காகவாவது சாவி கிடைக்கட்டும். ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கும் நூலகர்கள் மீது இதைச் சுமத்த நான் விரும்பவில்லை. ஒருங்கிணைக்கும் வேலையை வாசகர் வட்டமும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்களும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பகுதிக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கே தொடங்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில், பொங்கலை ஒட்டி, தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் விவசாயிகளும் கரையில் நின்று எண்ணுகிறார்கள். வரும் ஜனவரியில் அந்தக் கணக்கெடுப்புக்கு முந்தைய மாலை, குளம் உள்ள ஒவ்வோர் ஊரின் நூலகத்திலும் முதல் சொற்பொழிவை வைத்துக்கொள்வோம். குளத்தை யார் வெட்டினார்கள், தண்ணீர் எந்தக் கால்வாயிலிருந்து வருகிறது, எந்தப் பறவை எங்கிருந்து வந்து தங்குகிறது என்று ஊர்க்காரர் ஒருவரும் பறவை அறிந்த ஒருவரும் சேர்ந்து பேசட்டும். கேட்டவர்கள் மறுநாள் விடிகாலையில் கணக்கெடுப்பவர்களோடு கரைக்கு வரட்டும்.

ஆணைக்குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கையைப் பொருளாக எடுத்துக்கொண்டு, முடிவை எல்லாக் கிளை நூலகங்களின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். வாசகர் வட்டங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தங்கள் ஊரில் பேசத் தகுந்தவர்களின் பெயர்களை இன்றே எழுதத் தொடங்கலாம். மூத்தவர்களின் பெயரை முதலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பொருநைக் கரையில் வாழும் ஒரு பள்ளி ஆசிரியர், நூலக உறுப்பினர்